பினாங்குப் பெருநாள்

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் வஹீதாவை அடுப்பங்கரையில், கொதிக்கும் சேமியாப் பாயசத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டு வந்தோம். பாயசம் அடிபிடித்திருக்குமோ என்று கவலைப்பட்ட வாசகிகளுக்கு முதலில் ஒரு சேதி: பிடிக்கவில்லை. மாமியார் ஷரபுன்னிசா பக்கத்தில் நிற்கும்போது அந்த வீட்டில் எதுவும் அடிபிடிக்கத் துணியாது.

புதிதாக இந்தக் கதைக்குள் கால் வைப்பவர்களுக்காக இரண்டு வார்த்தை. வஹீதா பினாங்கில் பிறந்தவள். அத்தா திருச்சிக்காரர்; அங்கே கடை வைத்தவர். அம்மா மலாய்க்காரி. எட்டு மாதத்துக்கு முன் கப்பலேறி வந்து, மலைக்கோட்டைக்குக் கீழே ஜவுளிக்கடை வைத்திருக்கும் நிஜாமுதீனுக்கு வாழ்க்கைப்பட்டாள். கணவன் நல்லவன். மாமியாருக்கு வாய் நீளம், ஆனால் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். ஜாபர்ஷா தெரு வீட்டில் வஹீதாவுக்கென்று ஒரு குறையும் இல்லை. குறை அந்த வீட்டுக்குத்தான் இருந்தது.

அந்தக் குறை ஆற்றுக்கு அக்கரையில் குடியிருந்தது. நிஜாமுதீனின் அண்ணன் அப்துல் ரஹீம், ஸ்ரீரங்கத்துப் பக்கம் மாம்பழச் சாலையில் வாழைக்காய் மண்டி வைத்துக்கொண்டு, மனைவி ஆரிஃபாவோடு அங்கேயே இருந்தார். அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று இரண்டு வருஷம் ஆகிறது.

காரணம் சின்னதல்ல. அவர்களுடைய அத்தா ஷேக் தாவூது ராவுத்தர் படுக்கையில் விழுந்தபோது, ரஹீம் தொட்டியத்தில் வாழைத்தார் வாங்கப் போயிருந்தார். ‘அத்தாவுக்கு முடியவில்லை, உடனே வரவும்’ என்று தொட்டியம் பஸ் கண்டக்டர் அழகர்சாமியிடம் நிஜாமுதீன் சொல்லி அனுப்பினான். அன்று ராத்திரியே உயிர் போய்விட்டது. மறுநாள் மத்தியானம் லுஹர் தொழுகை வரைக்கும் காத்துப் பார்த்து, ஜமாஅத்துப் பெரியவர்கள் சொன்னபடி அடக்கம் செய்தான். சாயங்காலம் அஸருக்கு மேல் ரஹீம் வந்து சேர்ந்தபோது மண் மூடியாகிவிட்டது. பெற்ற தகப்பனின் முகத்தைப் பார்க்கவும், கபுரில் மூன்று பிடி மண் போடவும் மூத்த மகனுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

“எனக்குத் தகவலே விடியக்காலையிலேதான் வந்துச்சு. ராத்திரி மழையிலே வாய்க்கால் உடைஞ்சு ரோடு முங்கிக் கிடந்துச்சு. ஒரு பொழுது காத்திருக்கக் கூடாதா?” என்று அழுதார் ரஹீம்.

“நான் முந்தின நாள் மத்தியானமே சொல்லி அனுப்பிட்டேன்” என்றான் நிஜாமுதீன்.

கண்டக்டரின் பஸ் முந்தின நாள் சாயங்காலமே தொட்டியம் போய்ச் சேர்ந்திருந்தது; இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும். கூடியிருந்த சொந்தக்காரர்கள் யோசித்துப் பார்த்து, அழுகிறவர் பக்கம் சாய்ந்தார்கள். கண்டக்டரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். ஆனால் அண்ணன் சொல்வது நிஜமா என்று ஊரானிடம் விசாரிக்க நிஜாமுதீனின் மானம் இடம் கொடுக்கவில்லை. பொய்யன் என்ற பெயரோடு இருந்துவிட்டான்.

அந்த வீட்டில் பெருநாளன்று ஆண்கள் ஒரே சகனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நாலைந்து பேர் கை நுழையும் பெரிய பித்தளைத் தட்டு அது. இரண்டு வருஷமாகப் பரண்மேல் கவிழ்ந்து கிடக்கிறது. இந்த நோன்புப் பெருநாளில் அது கீழே இறங்க வேண்டும், அண்ணனும் தம்பியும் அதில் கை வைக்க வேண்டும். வஹீதாவின் ஆசை இவ்வளவுதான். அதற்கு அவளிடம் ஒரு வழியும் இருந்தது. அந்த வழி பினாங்கிலிருந்து வந்தது என்பதுதான் சிக்கல்.

நேற்று சாயங்காலம் பிறை பார்த்துவிட்டு வந்த கையோடு கணவனிடம் பேச்சை எடுத்தாள்.

“ஏங்க, எங்க ஊர்லே பெருநாள் காலையிலே ஒரு வழக்கம் உண்டு. சின்னவங்க பெரியவங்க முன்னாடி மண்டி போட்டு, கையை முத்தி, மாஃப் கேப்பாங்க. வெளியே தெரிஞ்ச தப்பு, உள்ளே மறைஞ்ச தப்பு எல்லாத்தையும் பொறுத்துக்குங்கன்னு. பெரியவங்களும் திருப்பிக் கேப்பாங்க. எதுக்குன்னு யாரும் கேக்க மாட்டாங்க. அத்தோட எல்லாம் தீந்துடும்.”

நிஜாமுதீன் பொறுமையாகத்தான் கேட்டான். பிறகு, “நல்ல வழக்கம்தான். இங்கே நடக்காது” என்றான்.

“ஏன் நடக்காது?”

“நான் போய் அண்ணன்கிட்ட பொறுத்துக்கன்னு சொன்னா, பாத்தியா, அவன் பொய் சொன்னதை ஒத்துக்கிட்டான்னு ஆயிடும். உங்க ஊர்லே அது பெருநாள் பேச்சு. இங்கே அது வாக்குமூலம். தப்பு செய்யாதவன் எதுக்கு வஹீதா கேக்கணும்?”

அவளுக்கு விட்டுவிட மனசில்லை.

விடிந்ததும் நிஜாமுதீன் புதுக் கைலியும் துருக்கித் தொப்பியுமாகத் தொழுகைக்குப் போனான். பாயசத்தை இறக்கிவைத்த வஹீதா, முதல் பாடத்தை மாமியாரிடமே தொடங்குவது என்று முடிவு செய்தாள். ஷரபுன்னிசா அரிவாள்மனையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வஹீதா அவள் முன்னால் மண்டியிட்டு, ஈரக் கையைப் பிடித்து முத்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“மாமி, நான் தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்ச தப்பையெல்லாம் பொறுத்துக்குங்க.”

ஷரபுன்னிசாவின் கையிலிருந்த வெங்காயம் உருண்டு போய் அடுப்போரம் நின்றது.

“யா அல்லாஹ்! என்னடி சொல்றே? உடம்புக்கு என்ன?” நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். “சூடு இல்லையே. எங்கே போகப் போறே? நிஜாமு ஏதாவது சொல்லிட்டானா? கப்பலுக்கு டிக்கெட் எடுத்துட்டியா?”

“இல்லை மாமி, இது...”

“ஹஜ்ஜுக்குப் போறவங்க வீடு வீடாப் போய் இப்படிக் கேப்பாங்க. மவுத்துப் படுக்கையிலே இருக்கறவங்க கேப்பாங்க. பாயசம் கிண்டிக்கிட்டிருந்த பொண்ணு கேட்டா நான் என்னன்னு எடுத்துக்கறது?”

வஹீதாவுக்குச் சிரிப்பு வந்தது. மாமியாரின் கண்ணில் வெங்காயத்துக்கு மேற்பட்ட ஈரம் இருப்பதைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. இந்த மனுஷி என்னைப் பிரியப் பயப்படுகிறாள் என்று அவளுக்குப் புரிந்தது. உட்கார்ந்து, பினாங்கு வழக்கத்தை ஆதியோடந்தமாகச் சொன்னாள்.

ஷரபுன்னிசா முழுவதும் கேட்டுவிட்டு, உருண்ட வெங்காயத்தை எட்டி எடுத்தாள்.

“அது சரி. என்ன தப்பு செஞ்சே?”

“அதைக் கேக்கக் கூடாது மாமி. அதுதானே வழக்கமே.”

“அதெப்படிக் கேக்காம இருக்கறது? பொறுத்துக்கன்னா, எதைன்னு தெரிய வேணாமா? கையிலே ஒண்ணும் குடுக்காம வாங்கிக்கோங்கற மாதிரி இருக்கே. இவ்வளவு தூரம் வந்தாச்சு. ஒண்ணாவது சொல்லிடு.”

தப்பிக்க வழியில்லை. வஹீதா யோசித்துப் பார்த்தாள்.

“உங்க ஊறுகாய் ஜாடி மூடி உடைஞ்சதே... அது பூனை இல்லை. நான்தான்.”

“தெரியும். நம்ம பூனை அவ்வளவு உயரம் ஏறாது. பொறுத்தேன் போ.” சொல்லிவிட்டு வெங்காயத்தை நறுக்கத் தொடங்கியவள், சற்று நேரம் கழித்துத் தானாகவே சொன்னாள். “மொதல் மாசம் நீ மொளகாயைப் பாத்து பயந்தப்போ, வேணும்னே கறி ஆணத்துலே ரெண்டு கூடப் போட்டேன். நீயும் பொறுத்துக்க.”

இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வெங்காயம் நல்ல சாக்காக இருந்தது.

பரவாயில்லையே, இங்கேயும் நடக்கிறதே என்று வஹீதாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. அந்தத் தைரியம்தான் அன்றைய வினை.

இரண்டு வருஷமாக ரஹீம் பெருநாள் தொழுகை முடிந்ததும் ஆற்றைத் தாண்டி வந்து, வாசல்படியில் நின்றபடியே பெற்றவளுக்கு ஸலாம் சொல்லிவிட்டுப் போவார். உள்ளே வரமாட்டார். அன்றும் வந்தார். உயரமான, தாடி நரைக்கத் தொடங்கிய மனிதர். ஷரபுன்னிசா கொல்லைப்புறத்திலிருந்து கை கழுவிக்கொண்டு வருவதற்குள், நடைக்கதவின் திரைக்குப் பின்னால் வஹீதா போய் நின்றுவிட்டாள். மூத்த மச்சானுக்கு முன்னால் இதுவரை அவள் வாய் திறந்ததில்லை.

“பெரிய மச்சான், அஸ்ஸலாமு அலைக்கும். எங்க பக்கம் இருக்கிற தப்பையெல்லாம் நீங்க பொறுத்துக்கணும். வெளியே இருக்கிறதும் உள்ளே இருக்கிறதும்.”

திரையின் ஓட்டை வழியாக அவருடைய விரல்கள் கதவு நிலையைப் பிடித்திருப்பது மட்டும் தெரிந்தது.

“எங்க பக்கம்னா? உன் புருஷன் பக்கமா?” குரல் கம்மியிருந்தது. “ஆக, ரெண்டு வருஷம் கழிச்சு, பொண்டாட்டி வாயாலேயாவது ஒத்துக்கிட்டான்.”

“அப்படியில்லை பெரிய மச்சான்...”

அந்த நேரம் பார்த்தா நிஜாமுதீன் தெருமுனையிலிருந்து வர வேண்டும்! தொழுகையில் தழுவிக்கொண்ட நண்பர்களின் அத்தர் வாசனை இன்னும் சட்டையில் இருந்தது. அண்ணன் சொன்ன கடைசி வார்த்தை அவன் காதில் விழுந்துவிட்டது.

“என்ன ஒத்துக்கிட்டேன்?”

“உன் வீட்டுலே இருந்துதான் கேட்டேன். நீ தகவல் சொல்லி அனுப்பலைங்கறதை.”

“நான் எதையும் ஒத்துக்கலை. இன்னிக்கும் சொல்றேன், முந்தின நாளே சொல்லி அனுப்பினேன்.”

“அப்போ நான் பொய்யனா?”

“நான் சொல்லலைண்ணே. ரெண்டு வருஷமா ஊரு என்னைத்தான் சொல்லுது.”

“பெருநாள் அதுவுமா வாசல்லே நிக்க வெச்சுப் பேசறியா?”

“உள்ளே வர வேணாம்னு நான் என்னிக்குச் சொன்னேன்?”

ஷரபுன்னிசா ஓடிவந்தபோது ரஹீம் தெருவில் இறங்கிவிட்டார். தாய்க்கு ஸலாம் சொல்லவில்லை. இரண்டு வருஷத்தில் அதுவும் அன்றுதான் தவறியது.

நிஜாமுதீன் திரையைப் பார்த்து நின்றான். கத்தியிருந்தால் வஹீதாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். “நேத்தே சொன்னேன்ல” என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போனான். பாயசம் வேண்டாம் என்றான்.

அவள் அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதாள். ஒரு ஊரில் காயத்தை ஆற்றிய மருந்து இன்னொரு ஊரில் புண்ணைக் கீறிவிட்டதே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வாசலோடாவது வந்துகொண்டிருந்த மனிதர். அதையும் கெடுத்தாயிற்று. எட்டு மாதம் பொறுமையாக இருந்தவளுக்கு ஒரு காலைப்பொழுது வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

மத்தியானம் நெய்ச்சோறு ஆறிக் கிடந்தது. ஷரபுன்னிசா வந்து நின்றாள்.

“துப்பட்டியை எடு.”

“எங்கே மாமி?”

“உடைச்ச நீதானே மூடியை ஒட்டணும்? எழுந்திரி.”

அற்புதசாமியின் ஜட்கா வந்தது. இரண்டு பெண்களும் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு திரைக்குள் ஏறினார்கள். நெய்ச்சோற்றுத் தூக்கு வஹீதாவின் மடியில் சூடில்லாமல் இருந்தது. வண்டி தெப்பக்குளத்தைச் சுற்றிக்கொண்டு ஆற்றுப் பாலத்துக்கு வந்தது. காவிரி கார்த்திகை மாதத்துச் செம்மண் நிறத்தில் கரை முட்டிப் போய்க்கொண்டிருந்தது. எதிரே ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள். சாலையோரத்தில் தீபத்துக்கு அகல் விளக்குகளைக் குவித்து விற்றுக்கொண்டிருந்தார்கள்.

வண்டிக்குள் நடந்த பேச்செல்லாம் அற்புதசாமிக்குக் கேட்டுவிட்டது. ஜட்காக்காரர்களுக்குக் கேட்காமல் திருச்சியில் எந்தக் குடும்பமும் பேசிவிட முடியாது.

“ஆச்சிமாரே, நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க” என்று குதிரையைப் பார்த்தபடியே சொன்னார். “எங்க மாதா கோயில்லே பாவசங்கீர்த்தனம்னு ஒண்ணு உண்டு. செஞ்ச பாவத்தைச் சாமியார் காதுலே சொல்லணும். அவரும் பலகைக்கு அந்தப் பக்கம் இருப்பாரு. அதனாலே நடக்குது. உன் தம்பிகிட்ட சொல்லு, பொண்டாட்டிகிட்ட சொல்லுன்னு வெச்சாங்கன்னா, மறு ஞாயித்துக்கிழமை கோயில்லே குருவிதான் இருக்கும்.”

“ரோட்டைப் பாத்து ஓட்டுங்க” என்றாள் ஷரபுன்னிசா. ஆனால் வஹீதாவின் பக்கம் திரும்பி, “அவர் சொல்றதும் சரிதான்” என்று முணுமுணுத்தாள்.

மண்டி வாசலில் வண்டி நின்றது. பெருநாள் என்பதால் கடை அடைத்திருந்தது. வாழைச் சருகு வாடை மட்டும் அடித்தது. ஷரபுன்னிசா இறங்கவில்லை.

“பெத்தவளுக்கு ஸலாம் சொல்லாமப் போனவன் வாசல்லே நான் ஏறுறதா? நீ போ. நான் இங்கேயே இருக்கேன்.”

வந்தது ஆற்றைத் தாண்டி. நின்றது பத்தடி தூரத்தில். மாமியாரின் ரோஷத்தை நினைத்து வஹீதாவுக்குக் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. தூக்கோடு தனியாக இறங்கினாள்.

ஆரிஃபா கதவைத் திறந்தாள். மெலிந்த உருவம். புதுச்சேலை கட்டியிருந்தாள், முகத்தில் பெருநாள் இல்லை. “வா வஹீதா” என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். ரஹீம் அடுத்த அறையில் இருந்தார். நடுவில் ஒரு திரை.

வஹீதா உட்காராமலே சொன்னாள்:

“பெரிய மச்சான், காலையிலே நடந்ததுலே அவங்களுக்குச் சம்பந்தமே இல்லை. அவங்க வேணாம்னுதான் சொன்னாங்க. நானாத்தான் சொன்னேன். எங்க ஊர்லே பெருநாளன்னிக்கு எல்லாரும் எல்லார்கிட்டயும் கேக்கறது அது. தப்பு செஞ்சவங்கதான் கேக்கணும்னு இல்லை. இங்கே அதுக்கு வேறே அர்த்தம்னு எனக்குத் தெரியலை. உங்க ரெண்டு பேரையும் ஒரே சகன்லே பாக்கணும்னு ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்.”

வெளியே குதிரை தலையை உதறும் சத்தம் கேட்டது.

“உங்க ஊர்லே மவுத்தாப் போனவங்ககிட்ட எப்படிம்மா கேப்பாங்க?” என்று திரைக்குப் பின்னாலிருந்து கேட்டார் ரஹீம்.

இப்படி ஒரு கேள்வி வரும் என்று வஹீதா எதிர்பார்க்கவில்லை.

“கபுருக்குப் போவோம். துஆ ஓதுவோம். ஆனா அவங்க பொறுத்தாங்களான்னு நமக்குத் தெரியாது. அதனாலே உசுரோட இருக்கறப்பவே கேட்டுடணும்னு எங்கம்மா சொல்லும்.”

“நானும் போறேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போறேன். வாய் வர மாட்டேங்குது.” அவர் குரல் கீழே இறங்கியது. “அழகர்சாமி எனக்குப் பொழுது இருக்கறப்பவே வந்து சொல்லிட்டான்மா. கடைசி பஸ் கண்ணு முன்னாடி நின்னுக்கிட்டிருந்துச்சு.”

ஆரிஃபா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“அதுக்கு முன்னாடி எத்தனையோ தடவை அத்தா இப்படிப் படுத்திருக்காரு. நான் அலறியடிச்சு ஓடியாந்தா, உக்காந்து டீ குடிச்சுக்கிட்டிருப்பாரு. ஏண்டா வேலையை விட்டுட்டு வந்தேன்னு என்னையே கோவிச்சுக்குவாரு. அன்னிக்கு வெட்டின தாரெல்லாம் கரையிலே குமிஞ்சு கிடந்துச்சு. ஏத்திவிட்டுட்டுக் காலையிலே போலாம்னு நினைச்சேன். ராத்திரி மழை வந்துடுச்சு. வந்து பாத்தா மண்ணு. யார் மேலயாவது கோவப்படாம என்னாலே அந்த எடத்துலே நிக்க முடியலைம்மா. நிஜாமு எதிர்லே நின்னான்.”

தன் கணவன் மாடியில் பாயசம்கூடக் குடிக்காமல் படுத்திருப்பது கண்முன் வந்தது. இந்த மனிதர்மேல் ஆத்திரம் வந்தது. அவருடைய குரலைக் கேட்டால் ஆத்திரப்படவும் முடியவில்லை.

“நீ சொல்ற வழக்கம் நல்லாத்தான் இருக்கு” என்றார் ரஹீம். “நான் சாயங்காலம் வரேன். எதுக்குன்னு சொல்லாம, பொறுத்துக்க தம்பின்னு மட்டும் கேக்கறேன். அவனும் பொறுத்தேம்பான். சேர்ந்து சாப்பிடுவோம். போதும்லம்மா?”

அவள் ஆசைப்பட்டது அத்தனையும் அந்த வார்த்தையில் இருந்தது. சரி என்று தலையாட்டினால் போதும். இன்றைக்கே சகன் இறங்கும். பினாங்கில் அவள் அம்மா தலையாட்டியிருப்பாள். வஹீதா வாயைத் திறந்தாள். பொய்யன் என்ற பெயரோடு கணவன் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் கடைசி வரிசையில் போய் உட்கார்வது நினைவுக்கு வந்தது. எதற்கு என்று கேட்கிற இந்த ஊர்ப் பிடிவாதம் வெறும் முரட்டுத்தனம் என்று இத்தனை நாள் எண்ணியிருந்தாள். அது தன் கணவனுக்கு வர வேண்டிய நியாயம் என்று இப்போதுதான் உறைத்தது.

“எங்க ஊர்லே போதும் பெரிய மச்சான்” என்றாள். “இங்கே போதாது. ரெண்டு வருஷமா அவங்க பேரு கெட்டிருக்கு. எதுக்குன்னு சொல்லித்தான் கேக்கணும்.”

மூத்த மச்சானை எதிர்த்துப் பேசிவிட்டோமே என்று துப்பட்டியை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

ஆரிஃபாதான் முதலில் பேசினாள். “நானும்தானே நிஜாமுவைப் பொய்யன்னு ஊரெல்லாம் சொன்னேன்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, திரைப்பக்கம் திரும்பினாள். “அவ சொல்றது கேக்குதாங்க? மஃரிபுக்கு அங்கே போறோம். நானும் வரேன்.”

வண்டியில் ஏறியதும் ஷரபுன்னிசா, “வரானா?” என்றாள்.

“வராங்க.”

“என்ன சொன்னான்?”

“அதை அவங்களே சொல்லுவாங்க மாமி.”

ஷரபுன்னிசா மேலே கேட்கவில்லை. மகன் வருகிறான் என்பதிலேயே அவள் முகம் மலர்ந்துவிட்டது. “தாளிச்சா பத்தாது. போனதும் பருப்பு போடணும்” என்று கணக்குப் போட ஆரம்பித்தாள்.

பொழுது இறங்கி மஃரிப் தொழுகை முடிந்தது. பரணிலிருந்து இறங்கிய சகனைப் புளி போட்டுத் தேய்த்து, நெய்ச்சோற்றைக் குவித்து, நடுக்கூடத்தில் விரிப்பின்மேல் வைத்திருந்தார்கள். அம்மா சொல்லைத் தட்ட முடியாமல் நிஜாமுதீன் வந்து உட்கார்ந்தான். ரஹீம் செருப்பைக் கழற்றிவிட்டு, நடையைத் தாண்டி, கூடத்துக்குள் வந்தார். பெற்றவளின் கையைப் பிடித்து முத்தினார். ஷரபுன்னிசா விம்மிவிட்டாள். பெண்கள் மூவரும் திரைக்குப் பின்னால் நின்றார்கள்.

அண்ணனும் தம்பியும் எதிரும் புதிருமாக இருந்தார்கள். நிஜாமுதீன் சோற்றில் கை வைக்கப் போனான்.

“இருப்பா” என்றார் ரஹீம். “நீ என்னைப் பொறுத்துக்கணும்.”

நிஜாமுதீன் நிமிர்ந்து பார்த்தான். பார்வை ஒரு கணம் திரைப்பக்கம் போய் வந்தது. “பினாங்கு வழக்கமாண்ணே?”

“இல்லை. எனக்குத் தகவல் முந்தின நாளே வந்துடுச்சு. அழகர்சாமி நேர்லே வந்து சொன்னான்.”

திரைக்குப் பின்னால் ஷரபுன்னிசா மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

“முந்தின நாளேவா?”

“ஆமா.”

“பஸ் இருந்துச்சா?”

“இருந்துச்சு. தாரை ஏத்திட்டுக் காலையிலே வரலாம்னு இருந்துட்டேன்.”

நிஜாமுதீன் சோற்றிலிருந்து கையை எடுத்தான். இரண்டு வருஷமாக அவன் கேட்க விரும்பிய வார்த்தை வந்துவிட்டது. அவன் முகம் தெளியும், எழுந்து அண்ணனைத் தழுவுவான் என்று வஹீதா காத்திருந்தாள். அந்த முகம் தெளியவில்லை. அவள் அதுவரை பார்த்திராத முகமாக இருந்தது.

“அத்தா கடைசி வரைக்கும் உங்களைத்தான் கேட்டாரு” என்றான். “பெரியவன் வந்துட்டானா, பெரியவன் வந்துட்டானான்னு வாசலையே பாத்துக்கிட்டிருந்தாரு. பஸ்ஸு வழியிலே நின்னுடுச்சு அத்தா, அண்ணன் நடந்து வந்துக்கிட்டிருக்காருன்னு நான்தான் சொன்னேன். அதைக் கேட்டு, மழையிலே நனையறானேன்னு அழுதாரு. நான் சொன்ன பொய் அது ஒண்ணுதாண்ணே.”

ரஹீம் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

“நீங்க என்னைப் பொய்யன்னது எனக்குப் பெரிசில்லை. அதை இப்பவே பொறுத்தேன். ஆனா இது...” நிஜாமுதீன் எழுந்தான். “இதுக்கு என்னாலே இப்போ வாய் வரலை.”

தொப்பியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினான். யாரும் தடுக்கவில்லை. அவன் மலைக்கோட்டைப் பக்கம் போனானா, ஆற்றுப் பக்கம் போனானா என்றுகூட வஹீதாவுக்குத் தெரியவில்லை. ஆரிஃபா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ரஹீம் எழுந்து போய்விடுவார் என்று வஹீதா நினைத்தாள். அவர் அசையவில்லை. “அவன் வரட்டும். நான் இருக்கேன்” என்று சகனுக்கு முன்னால் அப்படியே இருந்தார்.

தரையில் உட்கார்ந்திருந்த ஷரபுன்னிசா மருமகளின் கையைப் பற்றினாள். வழிகேட்கிறவளைப் போல அவள் முகத்தை அண்ணாந்து பார்த்தாள்.

“உங்க ஊர்லே, இதுக்கப்புறம் என்ன செய்வாங்கம்மா?”

“தெரியலை மாமி” என்றாள் வஹீதா. “எங்க ஊர்லே யாரும் எதுக்குன்னு சொன்னதே இல்லை.”